ஆந்தையும் பானையும்

போன வருஷம் அப்பா எங்களோடு கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். அம்மா போன பிறகு அவரை ஊரில் தனியாக விட மனசில்லை. வயசு எழுபத்தெட்டு. ஹிந்தி 'பானி' வரைக்கும் தெரியும், பெங்காலி அதுவும் இல்லை. நான் பேங்குக்கும், மகள் ஸ்கூலுக்கும், தங்கமணி அவள் ஆபீசுக்கும் கிளம்பிவிட்டால் பகல் முழுக்க அவருக்குத் துணை போனில் வரும் தமிழ்ப் பாட்டும் பட்டிமன்றமும்தான். வெளி மாநிலத்தில் பெற்றோரை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு அந்தப் பகல் எவ்வளவு நீளம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

தாத்தா பிறந்தநாளுக்கு மகள் உண்டியல் காசில் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கி வந்தாள். ஆந்தை வடிவம்! இங்கே ஆந்தை லட்சுமியின் வாகனம், மரத்தில் செய்து வர்ணம் அடித்து வீட்டில் வைப்பார்கள். நம் ஊர்க் கதை வேறு. ஆந்தை கத்தினாலே விளக்கை ஏற்று, சாமியைக் கும்பிடு என்பார்கள். அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு "அழகா இருக்கும்மா" என்றார். மூன்றாம் நாளிலிருந்து ஆந்தை மௌனம். போனைக் காதருகே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சகுனம் பார்க்கிறார் என்று நானும் தங்கமணியும் முடிவு கட்டிவிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரடியாகவே கேட்டேன்.

"ஆந்தைக்கு என்னடா, அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கு. பேசறது என்னன்னுதான் புரியமாட்டேங்குது. சத்தம் வருது, வார்த்தை வரலை. குழந்தை மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லலை."

ஆந்தையைத் தலைகீழாகத் திருப்பினேன். ஸ்பீக்கர் அடிப்பக்கத்தில், மேஜையைப் பார்த்துக்கொண்டு இருந்தது. முன்னால் இரண்டு பெரிய கண், ஒரு மூக்கு. பிறகு ஸ்பீக்கருக்கு எங்கே இடம்? தாழ்ந்த ஒலி நாலா பக்கமும் பரவும். உயர்ந்த ஒலியோ டார்ச் வெளிச்சம் மாதிரி, எந்தப் பக்கம் அடிக்கிறோமோ அந்தப் பக்கம்தான் போகும். 'பாட்டு', 'காட்டு', 'சாட்டு' என்று வார்த்தையைப் பிரித்துக் காட்டுகிற மெய்யெழுத்துச் சத்தமெல்லாம் பெரும்பாலும் அந்த உயர்ந்த ஒலிகளில்தான் இருக்கிறது. வயசானால் காதில் முதலில் குறைவதும் அதுதான். ஆக ஆந்தை மேஜைக்குப் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறது.

அன்றிலிருந்து இந்த வடிவ விவகாரம் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் பி.காம்., பௌதிகம் பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் பழைய லெட்ஜரைப் புரட்டுவது தொழில் புத்தி. புரட்டினேன்.

கதை நான் இருக்கிற ஊரையும் தொடுகிறது. கிராமபோன் கம்பெனி கல்கத்தாவுக்கு வந்தது 1901. மறு வருஷம் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார்கள். 1908-ல் சியால்தாவில் இசைத்தட்டுத் தொழிற்சாலை, பிறகு டம்டம். நம் தாத்தாக்கள் கேட்ட எச்.எம்.வி. தட்டுகள் இங்கே அச்சாகித்தான் ரயிலேறின. அந்தக் காலத்து கிராமபோனின் பூ மாதிரி விரிந்த குழாயைப் பார்த்தால் அலங்காரம் போலத்தான் இருக்கும். ஆனால் கரண்ட் இல்லாத அந்த இயந்திரத்தில் ஊசியின் துளி அசைவை அறை முழுக்கக் கேட்க வைத்தது அந்தக் குழாய்தான். அங்கே வடிவமே சத்தம், பிரித்துப் பார்க்க வழியில்லை.

அதைப் பிரிக்க ஆரம்பித்தது வரவேற்பறைதான். குழாய் இடத்தை அடைக்கிறது, தூசி சேருகிறது, பார்க்க நன்றாக இல்லை. 1906-ல் அமெரிக்காவில் விக்ட்ரோலா என்று ஒன்று வந்தது. குழாயை மடக்கி மர அலமாரிக்குள் மறைத்துவிட்டார்கள். முன்னால் இருந்த கதவைத் திறந்தால் சத்தம் கூடும், மூடினால் குறையும். பாட்டுப் பெட்டி மரச்சாமான் ஆனது அன்றைக்கு.

1925-ல் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்கப் பொறியாளர்கள் காந்தம், கம்பிச் சுருள், காகிதக் கூம்பு வைத்த ஸ்பீக்கரை அறிவித்தார்கள். இன்று ஆந்தைக்குள் இருப்பதும் அடிப்படையில் அதேதான். அதில் ஒரு சிக்கல். கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கும். முன் அலையும் பின் அலையும் சுற்றி வந்து ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும், தாழ்ந்த ஒலி காணாமல் போகும். இரண்டையும் பிரிக்கச் சுவர் வேண்டும், அதாவது பெட்டி வேண்டும். பெட்டி வந்தால் அதற்கு ஒரு வடிவம் வேண்டும். வடிவம் என்று வந்துவிட்டால் வியாபாரி சும்மா இருப்பாரா?

1933-ல் எமர்சன் கம்பெனி மிக்கி மவுஸ் ரேடியோ போட்டது. 1934-ல் இங்கிலாந்தில் எக்கோ கம்பெனிக்காக வெல்ஸ் கோட்ஸ் என்ற கட்டடக்கலைஞர் வட்டமான பேக்கலைட் ரேடியோ வரைந்து கொடுத்தார். 1954-ல் ரீஜென்சி டி.ஆர்-1, சட்டைப்பையில் போகிற முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ, விலை 49.95 டாலர். ரேடியோ அவ்வளவு சின்னதான பிறகு அதை எதற்குள்ளும் திணிக்கலாம் என்றாகிவிட்டது. 1970-களில் பானாசோனிக் கைவளை மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் ரேடியோ விற்றது. குளிர்பான டப்பா மாதிரி ரேடியோவும் வந்தது. யாரும் சத்தத்தைக் குறை சொன்னதாகத் தெரியவில்லை. காரணம் எளிது. ஏ.எம். ஒலிபரப்பிலேயே உயர்ந்த ஒலிகள் பெரும்பாலும் வெட்டுப்பட்டுத்தான் வரும். இல்லாததைப் பொம்மை எப்படிக் கெடுக்கும்? இன்றைக்குப் போனிலிருந்து முழு ஒலியும் வருகிறது, அதனால் பொம்மையின் குறை வெளியே தெரிகிறது.

இதையெல்லாம் படித்ததும் "சத்தம் நன்றாக இருக்கவேண்டுமானால் சதுரப் பெட்டிதான், மற்றதெல்லாம் ஏமாற்று" என்று முடிவு கட்டியிருந்தேன். அந்த முடிவை உடைத்தவர் ஹாரி ஓல்சன். ஆர்.சி.ஏ. கம்பெனியின் ஆராய்ச்சியாளர். அவர் 1951-ல் வெளியிட்ட கட்டுரையில் ஒரே ஸ்பீக்கரைப் பன்னிரண்டு வடிவங்களில் பொருத்தி அளந்து காட்டினார். உருண்டை, அரை உருண்டை, உருளை, கூம்பு, பிரமிட், கனசதுரம் எல்லாம் உண்டு. ஒலி ஏற்ற இறக்கமில்லாமல் சீராக வந்தது உருண்டையில்! கனசதுரமும், தட்டையான வட்ட முகத்தின் நடுவில் ஸ்பீக்கர் வைத்த உருளையும் மோசம். கூர்மையான விளிம்பில் ஒலி அலை முட்டி மறுபடி கிளம்பும், நேராக வருகிற அலையோடு மோதும். விளிம்புகள் எல்லாம் ஒரே தூரத்தில் இருந்தால் மோதலும் ஒரே இடத்தில் கூடிவிடும். நாம் 'சாதாரணம்' என்று நினைக்கிற பெட்டி தச்சருக்குச் சுலபம், அட்டைப்பெட்டியில் அடுக்கச் சுலபம். அவ்வளவுதான் அதன் பெருமை.

விசித்திர வடிவம் சத்தத்துக்காகவே பிறந்த கதைகளும் உண்டு. பி அண்ட் டபிள்யூ கம்பெனி 1993-ல் கொண்டுவந்த நாட்டிலஸ் அசல் நத்தைதான். பின் அலை திரும்பி வந்து குழப்பாமல் இருக்க, ஸ்பீக்கருக்குப் பின்னால் போகப் போக ஒடுங்கும் நீளக் குழாய். தாழ்ந்த ஒலிக்கான குழாய் ரொம்ப நீளம், அதைச் சுருட்டினார்கள், நத்தை ஆனது. எங்கள் கிளையில் பெங்காலி நண்பர்களிடம் ஸ்பீக்கர் என்று வாயெடுத்தால் உடனே அமர் போஸ் பெயர் வரும். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு 1920-ல் அமெரிக்காவுக்குத் தப்பிப் போன வங்காளியின் மகன். அவர் கம்பெனி 1966-ல் கொண்டுவந்த முதல் ஸ்பீக்கர், உருண்டையை எட்டாக வெட்டிய ஒரு துண்டு. அறையின் மூலையில் வைக்கவேண்டும், உள்ளே 22 சின்ன ஸ்பீக்கர்கள். ஓடவில்லை. 1968-ல் வந்த 901 தான் அவரை நிலைநிறுத்தியது.

அப்படியானால் ஆந்தை தோற்றது ஆந்தையாக இருந்ததால் அல்ல. உள்ளே ஒரு டம்ளர் காற்றுகூடக் கிடையாது, சுவர் மெல்லிய பிளாஸ்டிக், ஸ்பீக்கர் பார்ப்பது தரையை. 1960-களின் தொடக்கத்தில் ஹாஃப்மன் என்பவர் ஒரு கணக்குச் சொன்னார்: ஆழ்ந்த பேஸ், குறைந்த மின்சக்தியில் நல்ல சத்தம், சின்னப் பெட்டி, இந்த மூன்றில் இரண்டுதான் உனக்குக் கிடைக்கும். எங்கள் கவுண்டரில் தினம் நடக்கிற பேச்சுதான் இது. அதிக வட்டி, முழுப் பாதுகாப்பு, நினைத்தபோது எடுக்கும் வசதி, மூன்றும் ஒரே டெபாசிட்டில் கேட்பார்கள் :-)

இதற்குள் 2017-ல் பழைய ரேடியோ தோற்றத்தில், உள்ளேயே 5000 பாட்டுகளோடு கார்வான் வந்து வீடு வீடாகப் போயிருந்தது. விற்றது சரிகம, அதாவது அதே டம்டம் கிராமபோன் கம்பெனி. அப்பாவிடம் "தமிழ்லயே இருக்கு, வாங்கிடறேன்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இந்த ஊர்ல பானை கிடைக்குமா?" என்றார்.

எனக்கு உடனே 1990 ஞாபகம் வந்தது. நம் பக்கத்து டீக்கடைகளில் மண்பானைக்குள் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட்ட காலம், உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். அப்பாவும் மாமாவும் ஒரு கார் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து, அம்மா கோடைக்கென்று வாங்கி வைத்திருந்த தண்ணீர்ப் பானையின் வாயில் பொருத்தினார்கள். ஓரத்தில் காற்றுப் போகாமல் பூசினார்கள். முதலில் போட்ட பாட்டு முழுக்கக் கடத்தோடு சேர்ந்து பாடின மாதிரி 'ஙொய்' என்றது. காலிப் பானைக்குச் சொந்தமாக ஒரு சுருதி உண்டே! மாமா ஒரு தலையணையைக் கிழித்து இலவம்பஞ்சைத் திணித்தார், ஙொய் அடங்கியது. பானையும் போச்சு தலையணையும் போச்சு என்று அம்மா ஒரு வாரம் பேசவில்லை. ஓல்சனைக் கேள்விப்படாமலே உருண்டை, அதிராத கனமான சுவர், தாராளமாகக் காற்று, அடைத்த வாய் எல்லாம் அமைந்துவிட்டது. செலவு ஸ்பீக்கருக்கு மட்டும்.

சாந்தினி மார்க்கெட்டில் நாலு இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்றும் ப்ளூடூத் உள்ள சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டும் வாங்கினேன். லேக் மார்க்கெட் பக்கம் பானைக்கடையில் அப்பா ஒவ்வொன்றாக விரலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். கடைக்காரர் பெங்காலியில் என்னவோ சொல்ல, இவர் தமிழில் பதில் சொல்ல, இருவரும் ஐந்தாவது பானையில் உடன்பட்டார்கள். இந்த முறை தலையணையைத் தங்கமணியே எடுத்துக் கொடுத்தாள்.

பானையைச் சாய்த்து, ஸ்பீக்கர் அவர் நாற்காலியைப் பார்க்கும்படி பிரிமணையில் உட்கார வைத்தோம். பெரிய ஹை-ஃபை எல்லாம் இல்லை. பேஸ் சுமார்தான், பானைக்கு வெளியே ஒயர் வேறு தொங்குகிறது. ஆனால் ஒரு நாள் சீக்கிரம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது, பட்டிமன்றத்தில் யாரோ சொன்ன ஜோக்குக்கு அப்பா தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கோஜாகரி லட்சுமி பூஜை அன்று மகள் அந்த ஆந்தையைத் துடைத்து, பொட்டு வைத்து, பானைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். சகுனம் பரவாயில்லையா தாத்தா என்று கேட்டாள்.

"கத்தாத வரைக்கும் நல்ல பறவைதாம்மா" என்றார்.