மருந்தைச் சுமந்து வந்த சர்க்கரை

2021 மே மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ராத்திரியே வந்து இடம் பிடித்தார்கள். கையில் டாக்டர் சீட்டு, ஆதார் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட். கூட்டம் தாங்காமல் விற்பனையை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். அங்கும் தாங்கவில்லை. எல்லாம் ரெம்டெசிவிர் என்கிற ஊசி மருந்துக்காக.

ஆனால், ஒரு சாராருக்கு அந்த வரிசையில் இடமே கிடையாது. சிறுநீரகம் மோசமாகப் பழுதானவர்களுக்கு, டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு இந்த மருந்து கூடாது என்று 2020 ஜூனிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் எழுதி வைத்துவிட்டது. அமெரிக்காவிலும் அதே கதைதான்.

ஏன்? குற்றவாளிக் கூண்டில் நின்றது மருந்து மட்டுமல்ல. அதைச் சுமந்து வந்த வண்டியும்தான்.

ரெம்டெசிவிர் தண்ணீரில் லேசில் கரையாது. கரையாததை நரம்பில் ஏற்ற முடியாது. ஆகவே சைக்ளோடெக்ஸ்ட்ரின் வகையைச் சேர்ந்த ஒரு பொருளோடு சேர்த்தார்கள். சர்க்கரை மூலக்கூறுகள் கைகோத்து நிற்கும் வளையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்தை நடுவில் உட்காரவைத்து ரத்தத்துக்குள் கொண்டுவந்து இறக்கிவிடும். அப்புறம் சிறுநீர் வழியாக வெளியேற வேண்டும். வடிகட்டியே வேலை செய்யாதவருக்கு? உள்ளேயே தேங்கும்.

இந்த வளையம் புதுசும் அல்ல. 2002இல் அனுமதி பெற்ற வோரிகோனசோல் என்கிற பூஞ்சை மருந்தின் ஊசியிலும் இதே சரக்குதான். விலங்குகளுக்கு அளவுக்கு மீறிக் கொடுத்தபோது சிறுநீரக நுண்குழாய்ச் செல்களில் குமிழிகள் தோன்றின. பயம் பிறந்த இடம் அதுதான்.

நான் பி.காம். ஆகவே கணக்கு. 100 மில்லிகிராம் மருந்துத் தூளோடு வளையம் 3 கிராம். முதல் நாள் இரட்டை டோஸ், 6 கிராம். பாதுகாப்பானது என்று வைத்திருந்த வரம்பு, உடல் எடை கிலோவுக்கு தினம் 250 மில்லிகிராம். அறுபது கிலோ ஆசாமிக்கு 15 கிராம். பாதிகூடத் தாண்டவில்லை! அதுவும் ஐந்தே நாள், மிஞ்சிப்போனால் பத்து. தவிர, டயாலிசிஸ் இந்த வளையத்தை வெளியேற்றியும் விடும்.

அப்படியானால் தடையை எடுத்திருக்கலாமே என்பீர்கள். எடுக்க ஆதாரம் வேண்டும். 1,062 பேரை வைத்து நடந்த முக்கியமான அமெரிக்கப் பரிசோதனையில், குணமாகும் காலம் பதினைந்து நாளிலிருந்து பத்தாகக் குறைந்தது. ஆனால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 30க்குக் கீழே போனவர்களை அதில் சேர்க்கவே இல்லை. பரிசோதிக்கவில்லை, ஆகவே கொடுக்காதே. கொடுக்கவில்லை, ஆகவே தெரியாது. செக்குமாட்டு வட்டம்.

இன்னொரு குழப்பம், கொரோனாவே சிறுநீரகத்தைத் தின்றது. 2020 வசந்தத்தில் நியூயார்க் பகுதியில் ஒரு மருத்துவமனைக் குழுமம் 5,449 நோயாளிகளை ஆராய்ந்தது. 36.6 சதவிகிதம் பேருக்குத் திடீர் சிறுநீரகப் பாதிப்பு. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் கிட்டத்தட்ட தொண்ணூறு சதவிகிதம். ஊசி போட்ட மறுநாள் சிறுநீர் குறைந்தால் யாரைக் குற்றம் சொல்வது? வைரஸையா, வண்டியையா? ஐரோப்பிய மருந்து முகமை இந்தப் புகார்களை விசாரித்து, 2021 பிப்ரவரியில், மருந்துதான் காரணம் என்பதற்கு இப்போதைக்கு ஆதாரம் இல்லை என்று சொன்னது. தடை மட்டும் நகரவில்லை.

எச்சரிக்கையைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தெரியாத மருந்தை, ஏற்கெனவே பழுதான உறுப்பின் மேல் ஏற்றிப் பார்க்க எந்த டாக்டர் துணிவார்? என் வருத்தம் வேறு. கொரோனாவில் சாகும் அபாயம் மிக அதிகமாக இருந்தவர்களில் டயாலிசிஸ் நோயாளிகளும் உண்டு. அவர்களுக்கென்று ஒரு பரிசோதனையை முதல் வருஷமே தொடங்கியிருக்கலாம். தயாரிப்பாளரான கிலியட் நிறுவனம் தொடங்கியது 2021இல்தான். போதிய ஆள் சேராமல் 2022இல் பாதியில் முடிந்தது. மருந்து பெற்றவர்கள், பெறாதவர்கள் எல்லாம் சேர்த்து 243 பேர். பலன் உண்டா என்று அடித்துச் சொல்ல அந்த எண்ணிக்கை போதவில்லை. ஆனால் புதிதாக ஆபத்து எதுவும் தென்படவில்லை.

2023 ஜூலையில் அமெரிக்க அரசு அனுமதித்தது. டயாலிசிஸில் இருப்பவருக்கும் கொடுக்கலாம், டோஸைக் குறைக்கவும் வேண்டாம் என்று. உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலை முடிந்தது என்று அறிவித்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது.