கறுப்புப் பூனையின் நற்பேறு

1919 நவம்பர் 9 அன்று, பாரமவுண்ட் நிறுவனம் அமெரிக்கக் கொட்டகைகளுக்கு அனுப்பிவந்த திரை இதழில், சில நிமிடங்களே ஓடும் பேசாத கார்ட்டூன் ஒன்று வெளியானது. பெயர் 'ஃபீலைன் ஃபாலீஸ்'. பூனைக் கூத்துகள் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். சொல்லை மென்று சுவைக்கும் பழக்கமுள்ளவர்கள் படத்துக்குள் போவதற்கு முன்பே தலைப்பில் நின்றுவிடுவார்கள். கீழுதட்டை மேற்பல்லால் தொட்டு எழுப்பும் ஒரே ஒலியில் இரு சொல்லும் தொடங்கி மோனை பாடுகின்றன. ஐந்து வாரம் கழித்து அந்தப் பூனைக்குக் கிடைக்கவிருந்த பெயரின் முதற்பாதி, பெயரிடுவார் எவரும் வருமுன்னரே, 'ஃபீலைன்' என்ற அடையில் ஒளிந்திருக்கிறது.

ஆனால் படத்துக்குள் அந்தப் பூனைக்கு மாஸ்டர் டாம் என்றுதான் பெயர். டாம் என்பது பெயரே அன்று என்று சொல்லத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் ஆண்பூனையை முன்பு 'கிப்' என்றார்கள். அது கில்பர்ட் என்ற ஆட்பெயரின் குறுக்கம். 1760இல் டாம் என்ற பூனையை நாயகனாக்கி ஒரு கதைநூல் வெளிவந்து மக்கள் வாயில் நிலைத்தபின், கிப் ஒதுங்க, டாம் அந்த இடத்தில் அமர்ந்து ஆண்பூனைக்கெல்லாம் பொதுப்பெயர் ஆயிற்று. ஆட்பெயரின் தயவு எதுவுமின்றிக் கடுவன் என்ற சொல்லை ஆண்பூனைக்கு வைத்திருக்கும் நமக்கு இது வேடிக்கையாகவே இருக்கும். ஆக, மாஸ்டர் டாம் என்றால் 'கடுவனார்' என்ற அளவுதான்.

கடுவனாரின் கதை இதுதான். கிட்டி ஒயிட் என்னும் வெள்ளைப் பெட்டைக்கு இரவில் பாட்டுப் பாடப் போகிறார். காற்றில் மிதக்கும் இசைக்குறிகளைப் பிடித்து இருவரும் வண்டியாக்கி ஓட்டுகிறார்கள். காவல் விட்டுப்போன வீட்டில் எலிகள் புகுந்து சூறையாட, வீட்டுக்காரி இவரைத் துரத்திவிடுகிறாள். காதலியிடம் ஓடினால் அங்கே ஒரு படையளவு குட்டிகள் காத்திருக்கின்றன. அத்தனைக்கும் தந்தை தாமே என்று அறிந்ததும் எரிவாயுக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு உயிரை விடுகிறார். அந்தக் குட்டிகளை வாசகர் மறக்க வேண்டாம். சொல்வரலாற்றில் அவற்றுக்கு வேலை இருக்கிறது.

செத்த பூனை பிழைத்து வந்து, டிசம்பர் 14 அன்று வெளியான மூன்றாம் படத்தில் ஃபீலிக்ஸ் ஆயிற்று. அந்தப் பூனையை வரைந்தவர் ஓட்டோ மெஸ்மர். அவர் பின்னாளில் சொன்னபடி, பெயரை எடுத்துக் கொடுத்தவர் பாரமவுண்ட் திரை இதழைச் சேர்ந்த ஜான் கிங். இலத்தீனில் பூனையைக் குறிக்கும் 'ஃபேலிஸ்', நற்பேறுடைய என்று பொருள்படும் 'ஃபேலிக்ஸ்' ஆகிய இரண்டையும் ஒரே வாயால் சொல்லிப் பார்த்துப் பிறந்த பெயர் அது.

இங்கேதான் சொல்லாராய்ச்சி செய்வோர் கைவிளக்கைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஃபேலிஸ், ஃபேலிக்ஸ் இரண்டும் ஒலியில் அண்டை வீட்டார். முதலெழுத்தின் நெடில்கூட ஒன்றே. வேரில் உறவு உண்டென்று காட்டச் சான்று இல்லை. பூனைச் சொல்லின் மூலமே தெளிவில்லாதது. 'ஃபேலேஸ்' என்றும் வழங்கிய அது தொடக்கத்தில் அடுப்பங்கரைப் பூனையை மட்டும் சுட்டவில்லை. கோழியைக் கவ்வும் காட்டுப்பூனையும் மரநாயும்கூட அதற்குள் அடங்கின. நாம் வெருகு என்று பிரித்துவைத்ததை உரோமர் பிரிக்கவில்லை. நாடக ஆசிரியர் பிளாட்டஸ், பெண்களைக் கவர்ந்து விற்பவனை ஏசுவதற்கு இந்தச் சொல்லை எடுத்தாண்டிருக்கிறார். பேரரசின் பிற்காலத்தில் 'கட்டுஸ்' என்ற புதுச்சொல் வந்து வீட்டுப்பூனையை முழுதாக எடுத்துக்கொண்டது. இத்தாலியரின் கட்டோ, இசுப்பானியரின் காத்தோ, பிரெஞ்சுக்காரரின் ஷா எல்லாம் அதன் வழிவந்தவையே. பேச்சுவழக்கில் ஃபேலிஸ் செத்தது. ஏட்டில் மட்டும் கிடந்த அதை 1758இல் உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் எடுத்துப் பூனைப் பேரினத்துக்குச் சூட்டினார். ஜான் கிங் கையில் கிடைத்தது மக்கள் மறந்து புலவர் காத்த சொல்.

ஃபேலிக்ஸின் கதை இதைவிடச் செழிப்பானது. செழிப்பு என்பதே அதன் முதற்பொருள். பழைய உரோமில் காய்க்கும் மரம் 'ஃபேலிக்ஸ்' மரம், காய்க்காதது 'இன்ஃபேலிக்ஸ்'. மகனைக் குறிக்கும் ஃபீலியுஸ், பெண்ணைக் குறிக்கும் ஃபேமினா, வளமிக்க என்னும் ஃபேகுண்டுஸ் ஆகியவற்றோடு இதையும் சேர்த்து, பாலூட்டல், பால்குடித்தல் என்ற கருத்துடைய ஒரே தொல்வேருக்கு அழைத்துப் போகிறார்கள் சொற்பிறப்பியலார். காய்ப்பது வளம், வளம் தெய்வ அருள், அருள் பெற்றவன் பேறுடையவன் என்று பொருள் படிப்படியாக ஏறி வந்து, கடைசியில் மகிழ்ச்சி என்ற மேல்தளத்தில் நின்றது.

இந்த ஏற்றத்தைத் தமிழர்க்கு விளக்கவே வேண்டாம். பெறு என்ற முதனிலை திரிந்து பேறு என்றாகி, ஒரு பக்கம் மகப்பேறும் மறுபக்கம் நற்பேறும் நமக்கு நாள்தோறும் வாயில் வரும் சொற்கள் அல்லவா? ஈனுவதும் ஆகூழும் ஒரே சொல்லில் குடியிருக்கலாம் என்பதை இலத்தீன் பல நூற்றாண்டு நடந்து காட்ட, நம் சொல் அதை ஒரே நெடிலில் செய்துவிடுகிறது. இப்போது அந்தக் குட்டிகளிடம் திரும்பலாம். நற்பேறு என்ற பெயர் வருமுன்பே மகப்பேறு வந்துவிட்டது. பெயரின் மூத்த பொருள் முதற்படத்திலும் இளைய பொருள் மூன்றாம் படத்திலும் என்று வரிசை தவறாமல் அமைந்திருக்கிறது. ஜான் கிங் இதை எண்ணியிருப்பார் என்று நான் நம்பவில்லை. எண்ணாமல் அமைவதில்தான் சுவை.

உரோமர் இந்தச் சொல்லை மனிதர்க்கும் மண்ணுக்கும் தாராளமாகச் சூட்டினார்கள். எதிரிகளை அழித்து உரோமைக் கைப்பற்றிய சுல்லா, தன் பெயரோடு ஃபேலிக்ஸ் என்று சேர்த்துக்கொண்டான். தன் இரட்டைக் குழந்தைகளுக்கும் ஃபவுஸ்துஸ், ஃபவுஸ்தா என்று அதே பொருளில் பெயரிட்டான். மறுமுனையில், அடிமைகளும் விடுதலை பெற்ற அடிமைகளும் பரவலாகத் தாங்கிய பெயரும் இதுவே. நிலத்துக்கு வந்தால், மழை பொழியும் தென் அரபு நாடு அவர்களுக்கு 'அராபியா ஃபேலிக்ஸ்'. ஏமன் என்ற பெயர் வலப்பக்கத்தையும் மங்கலத்தையும் ஒருசேரக் குறிக்கும் அரபு வேரிலிருந்து வந்தது. அதைக் கேட்டே வெளியார் நற்பேற்று நாடு என்றனர் எனக் கருதுவோர் உண்டு. 1836இல் தாமஸ் மிட்செல் என்ற நில அளவையாளர், வறண்ட உள்நாட்டைக் கடந்து இன்றைய விக்டோரியாவின் மேற்கில் புல்வெளிகளைக் கண்டதும் 'ஆஸ்திரேலியா ஃபீலிக்ஸ்' என்றார்.

அந்த ஆஸ்திரேலியப் பெயருக்கும் நம் பூனைக்கும் ஒரு நூலிழை இருக்கிறது. மெஸ்மர் வேலை செய்த படக்கூடத்தின் உரிமையாளர் பாட் சலிவன் சிட்னிக்காரர். பூனையின் பெயர் இந்த ஆஸ்திரேலியா ஃபீலிக்ஸிலிருந்தே வந்தது என்று ஒரு கூற்று உண்டு. பூனையைப் படைத்தவரே சலிவன்தான், 1917இல் அவர் கூடம் வெளியிட்ட 'தி டெயில் ஆஃப் தாமஸ் கேட்' என்ற படத்தின் பூனையே இதன் முன்னோர் என்றும் ஆஸ்திரேலியாவில் வாதாடுகிறார்கள். தலைப்பில் டெயில் என்பது வாலையும் கதையையும் சேர்த்துச் சுட்டும் சிலேடை. அங்கும் தாமஸ் என்ற டாமே நிற்கிறான். இரு கூற்றையும் எடைபோட்டால் எனக்கு ஜான் கிங் பக்கமே தராசு தாழ்கிறது. பூனை என்ற பொருளும் பெயருக்குள் இருப்பதை ஆஸ்திரேலியப் புல்வெளி விளக்கவில்லை.

இனி நிறத்துக்கு வருவோம். மெஸ்மர் பூனையைக் கறுப்பாக வரைந்தது கைவேலையைக் கருதி: உடலை மையால் நிரப்பிவிட்டால் உள்கோடுகள் மிச்சம், கட்டிக் கறுப்பு திரையில் நன்றாக அசையவும் செய்யும். ஆனால் கறுப்புப் பூனை எதிர்ப்பட்டால் ஆகாது என்று நம்பும் நாட்டில் அதற்கு நற்பேறு என்று பெயர் வைப்பது முரண்தொடை. இதன் உச்சம் உரோமிலேயே கிடைக்கிறது. நல்மரங்களையும் தீமரங்களையும் பிரித்துச் சொல்லும் பழைய பட்டியல் ஒன்றை உரோம எழுத்தாளர் மாக்ரோபியஸ் தம் நூலில் காத்துவைத்திருக்கிறார். அதில் வெள்ளை அத்தி ஃபேலிக்ஸ். கறுப்பு அத்தியும், கறுப்புக் கனி தரும் மரங்களும் இன்ஃபேலிக்ஸ். இலத்தீன் சமயவாணர் ஒருவரிடம் இந்தப் பூனையைக் காட்டிப் பெயரைச் சொல்லியிருந்தால் முகம் சுளித்திருப்பார்.

படங்களின் நகைச்சுவையும் இந்த முரணில்தான் ஓடுகிறது. வழி அடைபடும், பூனை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தலை தாழ்த்தி நடைபோடும், தலைக்கு மேல் ஒரு கேள்விக்குறி முளைக்கும். அதைப் பிடுங்கிக் கொக்கியாக மாட்டித் தப்பிவிடும். வியப்புக்குறி கையில் கிடைத்தால் அது கருவி. வால் கழன்று தேவைக்கேற்ற உருவம் கொள்ளும். 1923இல் வந்த 'ஃபீலிக்ஸ் இன் ஹாலிவுட்' படத்தில் அது சாப்ளினின் கைத்தடி. பேசாப் படத்தில் சொல் காதில் விழாது, எழுத்தாகவே கண்ணில் படும். எழுத்து படமாகவே வரையப்படுவதால் பொருளாக மாறத் தடையில்லை. நிறுத்தற்குறிகளை இவ்வளவு உரிமையோடு எடுத்தாண்ட வேறொரு நடிகரை நான் அறியேன்.

தலைப்புகளின் போக்கையும் பாருங்கள். 1922இல் மார்கரெட் விங்க்ளர் என்ற பெண்மணி விநியோகத்தை ஏற்ற காலத்தில், 'ஃபீலிக்ஸ் சேவ்ஸ் த டே' என்பதுபோலப் பெயர் எழுவாயாகவும் வினை பயனிலையாகவும் நின்றன. எஜுகேஷனல் நிறுவனம் வெளியிட்ட 1928ஆம் ஆண்டுப் படங்களில் சொற்களை ஒட்டவைக்கும் விளையாட்டு முற்றிவிட்டது. வானியலைக் குறிக்கும் சொல்லின் வயிற்றில் மியாவ் ஒலியைச் செருகி 'அஸ்ட்ரோனோமியஸ்'. அரேபியாவையும் குறும்பையும் பிசைந்து 'அரேபியான்டிக்ஸ்': ஃபீலிக்ஸ் அரேபியா போகிறான். அராபியா ஃபேலிக்ஸை நினைத்துத்தான் செய்தார்களா என்று கேட்கத் தூண்டும் தலைப்பு. குறும்புக்கு மேல் எதையும் எண்ணியிருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது.

இதற்குள் பெயர் படத்தைவிட்டு இறங்கி ஊர் சுற்றத் தொடங்கியிருந்தது. ஃபீலிக்ஸ் நடந்துகொண்டே இருந்தான் என்னும் பொருளுடைய தலைப்பில் 1923இல் இங்கிலாந்தில் ஒரு பாட்டு வந்தது. அதே ஆண்டில் நாளிதழ்ப் படக்கதையும் தொடங்கிற்று. 1928இல் நியூயார்க்கில் ஆர்சிஏ நிறுவனப் பொறியாளர்கள் தொலைக்காட்சிச் சோதனைக்குக் காகிதக்கூழ் ஃபீலிக்ஸ் பொம்மை ஒன்றைச் சுழல்தட்டில் நிறுத்திப் படம்பிடித்தார்கள். கறுப்பு வெள்ளை எடுப்பாகத் தெரியும், விளக்குச் சூட்டில் மனிதனைப்போல் வாடாது. அந்த ஆண்டு நவம்பரில் மிக்கி எலி ஒலியோடு வந்ததும் பேசாப் பூனையின் காலம் சரிந்தது. சலிவன் ஒலிக்கு மாறத் தயங்கினார், 1933இல் இறந்தார்.

பெயர் ஊரெல்லாம் ஒலித்தபோது ஒலிக்காத பெயர் ஒன்று உண்டு. படங்களில் சலிவன் பெயரே வந்தது. மெஸ்மர் பெயர் வரவில்லை. பல ஆண்டு கழித்து, ஜான் கேன்மேக்கர் போன்ற அசைவூட்ட வரலாற்றாசிரியர்கள் முதியவராகிவிட்ட மெஸ்மரைத் தேடிச் சென்று கேட்டு எழுதிய பிறகே, வரைந்த கை யாருடையது என்று உலகம் அறிந்தது. அவர் 1983இல் காலமானார்.

பிறமொழிகள் இந்தப் பெயரை எப்படி ஏற்றன? செருமானியர் 'ஃபேலிக்ஸ் டேர் காட்டர்' என்று, ஆண்பூனைக்குத் தங்களிடமுள்ள தனிச்சொல்லை ஒட்டிக் கொண்டார்கள். இத்தாலியச் சிறுவர் இதழோ இலத்தீனின் நேர்வாரிசு மொழியில் இருந்துகொண்டே ஃபேலிக்ஸை உதறிவிட்டு 'மியோ மாவோ' என்று வைத்தது. நற்பேறு போயிற்று, ஒலிக்குறிப்பு வந்தது.

தமிழில் இப்பெயர் மூன்று எழுத்துக்கோலத்தில் உலவுகிறது. ஆங்கில வாயைப் பின்பற்றினால் ஃபீலிக்ஸ்; பூனையைச் சொல்லும்போது நான் அதையே கொண்டேன். நம்மூர்க் கிறித்தவக் குடும்பங்களில் வழங்குவது பெலிக்ஸ், ஃபெலிக்ஸ். அந்தக் குறில் ஆங்கிலத்தையும் சேராது, பழைய இலத்தீனையும் சேராது. மூன்றாவது, தமிழ் விவிலியத்தில் பவுலை விசாரிக்கும் தேசாதிபதியின் பெயர்: பேலிக்ஸ். அவனும் விடுதலை பெற்ற அடிமைகளில் ஒருவன். கிரேக்க மூலத்தின் நெடிலை மொழிபெயர்ப்பாளர்கள் அப்படியே ஏகாரமாக்கியதால், ஆங்கிலம் தொலைத்த உரோம நெடில் தமிழ் எழுத்தில் பிழைத்திருக்கிறது. பேலிக்ஸ் என்று எழுதிப் பார்த்தால் பக்கத்தில் பேறு வந்து நிற்பதுபோல் தோன்றும். முதலெழுத்தும் ஒன்று, பொருளும் ஒன்று. இரண்டுக்கும் வேர் உறவு கிடையாது, வெறும் ஒலி ஒப்புமை. ஆனாலும் ஜான் கிங் ஒரு பூனைக்குப் பெயர் வைத்தபோது அவர் கையில் இதைவிட வலுவான சான்று இருக்கவில்லை.