வெந்நீர் ஊற்றில் பெயர் வாங்கிய அயிரை

எங்கள் மதுரைப் பக்கத்து அயிரை விரல் நீளம்தான் இருக்கும். வாயருகே குட்டி மீசை. ஆற்றிலும் கண்மாயிலும் அடிமணலில் புதைந்து வாழும். அயிரையைத் தேடும் நாரை குறுந்தொகையிலேயே வருகிறது.

1846-இல் பிரெஞ்சு அறிஞர் வலன்சியென் இதற்கு வைத்த அறிவியல் பெயரில் 'தெர்மாலிஸ்' என்று ஒரு சொல் உண்டு, வெப்பத்தைக் குறிப்பது. அவர் விவரித்த மீன் திருகோணமலை கன்னியா வெந்நீர் ஊற்றில் பிடித்தது.

சின்ன வயதில் அம்மா உயிர் அயிரையைப் பாலில் விடுவாள். வயிற்று மண்ணைக் கக்கிய பிறகுதான் குழம்பு. போன கோடையில் பேரனுக்குக் காட்ட எங்கள் ஊர் வைகையில் இறங்கினேன். மணலை அள்ளிய இடத்தில் காலில் களிமண்தான் தட்டியது. வெந்நீரையே தாங்கிய மீன், மணல் இல்லாமல் எங்கே போய்ப் புதையும்?