சாவா மூவாப் பேராடுகள்

கோயிலில் இரவும் பகலும் அணையாமல் எரியும் நந்தாவிளக்குக்கு ஏற்பாடு செய்வது சோழர் காலக் கொடைகளில் மிகச் சாதாரணமானது. அரசியர், வணிகர், படைவீரர் எனப் பலரும் விளக்கு வைத்தனர். வேட்டையில் கைதவறி ஆளைக் கொன்றவன் பிராயச்சித்தமாக விளக்கு வைக்க வேண்டும் என ஊரார் தீர்ப்பளித்த கல்வெட்டுகளும் உண்டு.

விளக்கு வைப்பதென்றால் எண்ணெய்க் குடத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதல்ல. ஆடுகளைக் கொடுப்பதே பெருவழக்கு. முதலாம் இராசராசன் (985–1014) தஞ்சையில் எடுப்பித்த பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று கணக்கு. மந்தை இடையரிடம் ஒப்படைக்கப்படும். அவர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அதாவது கால் நாழி. அளக்கும் படியும் கோயிலுடையதே, ‘ஆடவல்லான்’ என்று இறைவன் பெயர் தாங்கியது.

இந்த ஆடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. ஆடு சாகத்தான் செய்யும். ஆனால் கணக்கில் சாகாது. செத்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து எண்ணிக்கையைக் காப்பது இடையர் பொறுப்பு. நோயோ பஞ்சமோ வந்தால் நட்டம் கொடையாளிக்கு இல்லை, கோயிலுக்கும் இல்லை. புண்ணியம் ஒருவருக்கு, சுமை இன்னொருவருக்கு என்பதே இந்த ஏற்பாட்டின் உள்ளமைப்பு. தஞ்சைக் கல்வெட்டுகள் இடையரோடு நிற்கவில்லை. அவர் உறவினரையும், உறவினரின் உறவினரையும் சந்திரசூரியர் உள்ளவரை நெய் அளக்கக் கடமைப்படுத்தின. பிறக்காத பேரனும் அதில் அடக்கம்.

சிலர் காசாகக் கொடுத்தனர். அது வட்டிக்கு விடப்பட்டது. தஞ்சையில் ஒரு காசுக்கு ஆண்டுவட்டி அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு. முதல் கரையாது, வட்டியில் தர்மம் நடக்கும்.

தர்மத்தைக் காப்பது பன்மாகேசுவரர் எனப்பட்ட சிவனடியார்களின் பொறுப்பு என்று எழுதுவது வழக்கம். காப்பவர் பாதம் என் தலைமேல் என்று கொடையாளி பணிவதும், அழிப்பவருக்குக் கங்கைக்கரையில் பசுவைக் கொன்ற பாவம் என்று சபிப்பதும் உண்டு. கொடை தவறிப்போகலாம் என்ற அச்சம் இல்லாதவர் சாபத்தைக் கல்லில் வெட்டியிருக்க மாட்டார். சாபத்தை மட்டும் நம்பியும் இருக்கவில்லை. அரச அலுவலர் வந்து கோயில் கணக்கை ஆராய்ந்தனர்.

கொடைகள் சுவரில் வெட்டப்பட்டிருந்ததால், கோயிலைப் புதுப்பிக்கும்போது சுவரோடு பழைய கொடைகளின் சான்றும் போய்விடும். 10ஆம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாக, அதாவது கற்கோயிலாக, எடுத்தபோது, பழைய சுவர்க் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டுவித்தார்.