கால்ஃப் வீச்சில் தலைநிலையும் உடல்நிலையும்: பிழை, காரணம், திருத்தம்

1. வரையறை

கால்ஃப் பழக வருபவர் காதில் முதலில் விழுவது ‘தலையை ஆட்டாதே’ என்ற அறிவுரை. அது பிழையின் விளைவைச் சுட்டுகிறதே ஒழிய, காரணத்தைத் தொடுவதில்லை. திருத்தம் இடுப்பில் தொடங்கித் தலையில் முடிய வேண்டும் என்பதே நாம் இங்கு நிறுவ முற்படுவது. வலக்கை ஆட்டக்காரரை வைத்தே பேசுவோம்.

தலைநிலை என்பதில் இரண்டு அடக்கம்: தலை இருக்கும் இடம், அது நோக்கும் திசை. இடம் மாறுவதைப் பெயர்ச்சி என்றும், இருந்த இடத்திலேயே கழுத்தில் திரும்புவதைச் சுழற்சி என்றும் வழங்குவோம். அளவு மீறிய பெயர்ச்சி பிழை, சுழற்சி பிழையன்று. ஜாக் நிக்லஸ் வீச்சைத் தொடங்கும் முன்பே மோவாயை வலப்புறம் திருப்பிக்கொள்வார். அன்னிகா சோரன்ஸ்டாம் மட்டை பந்தைத் தொடும் வேளையிலேயே முகத்தை இலக்கின் பக்கம் திருப்பிவிடுவார். ஆட்டத்தின் உச்சியைத் தொட்ட இருவர் செய்ததைப் பிழைக்கணக்கில் எழுத முடியாது.

தண்டுச் சாய்வு என்பது பந்தின் முன் நிற்கையில் முதுகுத்தண்டு முன்னோக்கிச் சாயும் கோணம். அது பிறக்க வேண்டிய இடம் இடுப்பு மடிப்பு, அதாவது தொடையெலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டு. நடுமுதுகைக் கூனலாக்கிப் பெறும் குனிவு பார்வைக்கு அதேபோல் இருக்கும். ஆனால் தோள் திரும்பத் தொடங்கியதும் குலைந்துவிடும்.

2. பிழை வகைகள்

தலை பக்கவாட்டில் நகர்வது ஒதுங்கல். கீழே அமிழ்வது தாழ்தல். மேலே செல்வது எழும்பல். முதலிரண்டில் மட்டை பெரும்பாலும் பந்துக்குப் பின்னே மண்ணைக் கிளறும். மூன்றாவதே ஆழ்ந்து நோக்கத்தக்கது.

விதிப்படி பந்தின் விட்டம் 42.67 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஆகவே அதன் நடுக்கோடு தரையிலிருந்து ஏறத்தாழ 21 மி.மீ. உயரத்தில் இருக்கும். மட்டையின் அடிவிளிம்பு அதற்கு மேலே போனால் பந்தின் உச்சந்தலையில்தான் படும். பந்து எழாமல் புல்லில் உருண்டோடும். விரற்கடை அளவு எழும்பலே இதற்குப் போதும். கைகளை நீட்டி ஈடுகட்டுவோர் உண்டு. ஆனால் அந்த ஈடு ஒரு நாள்போல மறுநாள் வாய்ப்பதில்லை.

3. காரணங்கள்

எழும்பலின் முதற்காரணம் இடுப்பு முன்தள்ளல். மட்டை இறங்கும்போது இடுப்பு பந்தை நோக்கி நகர்ந்தால் கைகளுக்கு இடமில்லாமல் போகிறது. இடம் தேடி உடல் நிமிர்கிறது. தலை உடன் எழுகிறது. தலை இங்கே கடைசியாக அசைந்த உறுப்பு, பழி மட்டும் முதலில் அதற்கு. எடையை முன்பாதத்தில் வைத்து நிற்பதும், இடுப்பு மூட்டின் இறுக்கமும் இந்தத் தள்ளலுக்கு வழிகோலுகின்றன.

ஒதுங்கலுக்கோ பல நேரம் அந்த அறிவுரையே காரணம். தலையை ஆட்டக்கூடாதென்று மோவாயை நெஞ்சில் அழுத்திக்கொண்டால், இடத்தோள் அதன் அடியில் புகுந்து செல்ல வழியில்லை. தோள் முட்டித் தலையை வலப்புறம் தள்ளுகிறது. இருபார்வைக் கண்ணாடி அணிந்தவர்க்கு இது எளிதில் நேரும். கீழ்ச்சில்லில் பந்து மங்கித் தெரிவதால், மேற்சில்லின் வழியே பார்க்க மோவாயைத் தாழ்த்துகிறார்கள்.

இங்கு ஒரு தடை எழலாம். நிக்லஸின் ஆசான் ஜாக் கிரவுட், சிறுவனான அவர் அடிக்கும்போது உதவியாளரைக் கொண்டு தலைமுடியைப் பிடித்துக்கொள்ளச் செய்தார் என்பது ஆட்ட உலகம் அறிந்தது. அப்பயிற்சி பெயர்ச்சியை மட்டுமே தடுத்தது. ஒதுங்கிச் சமாளிக்க இயலாத உடல், நின்ற இடத்திலேயே திரும்பக் கற்றது. மோவாயைத் திருப்பும் பழக்கம் நிக்லஸிடம் இறுதிவரை நிலைத்ததை மறக்கலாகாது.

காலமும் நம் கருத்துக்குத் துணை நிற்கிறது. மட்டை உச்சியிலிருந்து பந்தை அடையக் கால் நொடியளவே ஆகிறது. ஒன்றைக் கண்டு உடல் வினைபுரியவே அதில் பெரும்பகுதி கழிந்துவிடும். ஆகையால் வீச்சின் நடுவே தலையைத் திருத்துவது நடவாத செயல். வேப்பூருக்குக் கிழக்கே விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில், சக்கரத்தின் மேல் அச்சு மையம் தப்பி உட்கார்ந்தால் கோப்பையின் விளிம்பைப் பிடித்து யாரும் சரிசெய்வதில்லை. சக்கரத்தை நிறுத்தி அச்சைத்தான் மாற்றி வைக்கிறார்கள்.

4. திருத்தத்தின் படிகள்

முதற்படி சாய்வை அமைத்தல். ஒரு மட்டையை முதுகோடு சேர்த்து நெடுக்காகப் பிடிக்க வேண்டும். அது பின்தலை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு ஆகிய மூன்றையும் தொட்டிருக்க, முழங்காலைச் சற்றே தளர்த்தி இடுப்பில் மடிய வேண்டும். பின்தலை விலகினால் மோவாய் தாழ்ந்தது. வால் எலும்பு விலகினால் குனிவு முதுகிலிருந்து வந்தது. இதைக் கண்ணாடிமுன் செய்வதைவிடத் தொடு உணர்வால் பழகுவதே மேல் என்பது நம் கருத்து. களத்தில் கண்ணாடி இராது.

அடுத்தது சாய்வைக் காத்தல். புட்டம் சுவரைத் தொடுமாறு நின்று, கைகளை மார்பில் கட்டி, மட்டையின்றித் திரும்புக. பின்வீச்சில் வலப்புட்டமும் இறங்குகையில் இடப்புட்டமும் சுவரில் அழுந்த வேண்டும். இரண்டும் சுவரை விட்டு அகன்றால் முன்தள்ளல் நிகழ்ந்துவிட்டது. இது கைவந்த பின்னரே தலை: நெற்றிக்கும் சுவருக்கும் இடையே மடித்த துண்டை வைத்து, அது நழுவாமல் தோளைத் திருப்புவது. பின் அரைவீச்சு, அதன்பின் முழுவீச்சு.

5. சரிவில்

சென்னை நந்தனம் போன்ற சமதளக் களத்தில் பழகிய நிலை, 1895இல் தோன்றிய கொடைக்கானல் கால்ஃப் கிளப்பின் மலைச்சரிவில் அப்படியே பொருந்தாது. பந்து பாதத்துக்கு மேலே கிடந்தால் சாய்வைக் குறைத்து நிமிர்ந்து நிற்க வேண்டும். பந்து இடப்புறம் போகும் என்பதால் குறியைச் சற்று வலப்புறம் வைப்பது தகும். பந்து பாதத்துக்குக் கீழே கிடந்தால் இடுப்பு மடிப்பையும் முழங்கால் வளைவையும் கூட்டி, எடையைக் குதிகால் பக்கம் வைத்து, வீச்சின் நீளத்தைக் குறைக்க வேண்டும். எழும்பல் மிகுதியாக நேர்வது இந்த இரண்டாம் நிலையிலேயே. முழுவீச்சுக்கு முயலாமல் முக்கால் வீச்சோடு நிற்பதே அங்கே பொருத்தம்.