சமாரியா: உம்ரியின் மலையும் அதனை ஆண்டோரும்

திருமறை உம்ரி அரசனுக்கு ஒதுக்கியிருப்பவை ஆறே வசனங்கள் (1 இராஜாக்கள் 16:23-28). உள்நாட்டுப் போரில் திப்னியை வென்று அரியணை ஏறிய இவன், ஆறாண்டுகள் திர்சாவில் ஆண்டபின், சேமேர் என்பவனிடம் இரண்டு தாலந்து வெள்ளி கொடுத்து ஒரு மலையை வாங்கினான். கி.மு. 880ஐ ஒட்டி அதன்மீது எழுந்த தலைநகரே சமாரியா. சீகேமுக்கு வடமேற்கே ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அம்மலை, நாற்புறமும் பள்ளத்தாக்குகளால் சூழப்பட்டது. தந்தை நிலத்தை விலைகொடுத்து வாங்கினான். மகன் ஆகாபோ நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைக் கொலையின் மூலம் அடைந்தான் என்பது நாம் கவனிக்கத்தக்கது.

உலக வரலாறு உம்ரியை அவ்வளவு சுருக்கமாக விட்டுவிடவில்லை. 1868ஆம் ஆண்டு தீபோனில் கண்டெடுக்கப்பட்ட மேசாவின் கல்வெட்டு, மோவாபை அவன் நெடுநாள் ஒடுக்கினான் என்று முறையிடுகின்றது. அசீரியர் இஸ்ரவேல் நாட்டையே 'உம்ரியின் வீடு' என்றழைத்தனர். அவ்வீட்டை வேரோடு அழித்த யெகூவையும் அவர்கள் உம்ரியின் மகன் என்றே பொறித்து வைத்தது வேடிக்கைதான்!

1908 முதல் 1910 வரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில், மை கொண்டு எழுதப்பட்ட பானையோடுகள் நூற்றுக்குமேல் கிடைத்தன. இவை பொதுவாகக் கி.மு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கருதப்படுகின்றன. இன்ன ஆண்டில், இன்ன ஊரிலிருந்து, இன்னாருக்குப் பழைய திராட்சரசம், தூய எண்ணெய் என்று அவை கணக்குக் கூறுகின்றன. செமீதா, அஸ்ரியேல் முதலிய மனாசேயின் வம்சப் பெயர்கள் அவற்றில் வருகின்றன. செலோப்பியாத்தின் குமாரத்திகளுள் இருவரான நோவாள், ஒக்லாள் ஆகியோரின் பெயர்களும் நிலப்பகுதிகளின் பெயர்களாக நிற்கின்றன. தங்களுக்கும் காணியாட்சி வேண்டுமென்று மோசேயின்முன் வாதாடிய பெண்களின் பெயர் வழங்கிய நிலத்து விளைச்சல், பிற்காலத்தில் தலைநகரின் மேன்மக்களுக்குச் சென்றுகொண்டிருந்தது. 1931 முதல் 1935 வரை நடந்த இரண்டாம் அகழாய்வில் தந்தச் சித்திரத் துண்டுகள் பல கிடைத்தன. தந்தக் கட்டில்களில் சாய்ந்து திராட்சரசம் குடிப்போரை ஆமோஸ் கடிந்துரைத்தபோது மிகைப்படுத்திப் பேசவில்லை என்பதற்கு இவ்விரு கண்டெடுப்புகளையும் சேர்த்து வாசித்தலே போதும்.

கி.மு. 722ஐ ஒட்டி, மூன்றாண்டு முற்றுகைக்குப்பின் நகரம் அசீரியரிடம் வீழ்ந்தது. 27,290 பேரைச் சிறைப்படுத்திச் சென்றதாகச் சர்கோன் தன் கல்வெட்டில் கூறுகின்றான். நகரை முன்னிலும் சிறப்பாகக் கட்டியதாகவும் பெருமை பாராட்டுகின்றான். இங்கே நம் அருளுரைகளின் வழக்கமொன்றை ஆராய்தல் வேண்டும். 2 இராஜாக்கள் 17ஐக் கொண்டு, நாடு முற்றிலும் வெறுமையாயிற்று, பின்வந்த சமாரியர் யாவரும் அந்நிய தேவர்களை வணங்கிய கலப்பினத்தார் என்று கூறிவிடுகிறோம். சர்கோனின் எண்ணிக்கை பெரிதாயினும் ஒரு நாட்டின் முழு மக்கள்தொகை ஆகாது. வடநாட்டில் மீந்திருந்தோரை எசேக்கியா பஸ்காவுக்கு அழைத்ததை 2 நாளாகமம் 30 எடுத்துரைக்கின்றது.

இதற்கு வேறொரு சான்றும் உண்டு. பெர்சியர் காலத்தில் சமாரியா ஒரு மாகாணத்தின் தலைநகராயிருந்தது. நெகேமியாவை எதிர்த்த சன்பல்லாத்து அதன் ஆளுநன். கி.மு. 331இல் நகரத்தார் அலெக்சாந்தரின் ஆளுநனான அந்திரோமாக்கை உயிரோடு எரித்தனர். பழிவாங்கலுக்கு அஞ்சி ஓடியோர் வாதி தாலியே என்னுமிடத்துக் குகையில் ஒளிந்து மாண்டனர் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். 1962இல் நாடோடி மக்கள் அக்குகையைக் கண்டுபிடித்தபோது, மனித எலும்புகளோடு அரமேய மொழிப் பத்திரங்களும் வெளிப்பட்டன. அவற்றுட் பல அடிமை விற்பனைப் பத்திரங்கள். அவற்றிலுள்ள பெயர்களுள் மிகுதியானவை யாவே என்னும் திருநாமத்தைத் தாங்கியவை. ஆகவே சமாரியாவின் குடிகள் யாவரும் புறமதத்தார் என்னும் கூற்று நிலைபெறாது. ஆனால் இம்மகிழ்ச்சி முழுமையானதன்று. விற்றவனும் விற்கப்பட்டவனும் அதே திருநாமத்தைத் தாங்கியிருக்கக் காண்கிறோம். விற்பனையோ என்றென்றைக்கும் உரியது. லேவியராகமம் 25ஐ அருகில் வைத்து இப்பத்திரங்களை வாசிக்கும் இறையியல் மாணவன் மனம் கலங்காமல் இருக்க முடியாது. நெகேமியா 5 காட்டும் எருசலேமின் நிலையும் இதற்கு வெகு தூரமானதன்று.

பிற்கால வரலாற்றை விரைந்து காண்போம். அலெக்சாந்தருக்குப்பின் மக்கெதோனியர் அங்கே குடியேறினர். கி.மு. 108ஐ ஒட்டி யூத ஆட்சியாளன் யோவான் ஹிர்க்கான் ஓராண்டு முற்றுகையிட்டு நகரை அழித்தான். கெரிசீம் மலையிலிருந்த சமாரியரின் ஆலயத்தை அழித்தவனும் இவனே. யோவான் 4இல் சமாரிய ஸ்திரீ மலையைப்பற்றிக் கேட்ட கேள்விக்குப் பின்னே இந்நினைவு இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. பின்னர் ஏரோது, அகுஸ்து இராயரைச் சிறப்பிக்க நகருக்குச் செபஸ்தே என்று பெயரிட்டு, ஆறாயிரம் பேரைக் குடியேற்றி, பழைய அரண்மனை நின்ற உச்சியில் இராயருக்கு ஆலயம் எழுப்பினான். மரியம்மையை மணந்த அதே நகரில், அவளிடம் பிறந்த இரு புதல்வரையும் கி.மு. 7ஐ ஒட்டி நெரித்துக் கொல்லச் செய்தான்.

கி.பி. 200ஐ ஒட்டிச் செவேரு பேரரசன் அதனை உரோமக் குடியேற்ற நகராக உயர்த்தினான். யோவான் ஸ்நானகனின் கல்லறை அங்குள்ளது என்னும் மரபையொட்டிக் கிறிஸ்தவர் கோயில் கட்டினர். சிலுவைப்போர்க் காலத்துப் பேராலயம் பின்னர் பள்ளிவாசலாயிற்று. நபி யஹ்யாவின் பெயரால் வழங்கும் அப்பள்ளிவாசலைச் சூழ்ந்துள்ள ஊருக்குச் செபஸ்தியா என்றே இன்றும் பெயர்.