கிடந்தாலே வரும்

நாகர்கோவிலில் ஒரு கல்லூரிக்கு அப்போது நான் சர்வர் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை என்று பெரிதாகச் சொல்ல முடியாது. மாதம் ஒருமுறை போய் எட்டிப் பார்ப்பேன், ஏதாவது நின்றுபோயிருந்தால் ஓட வைப்பேன். 2007 ஆடியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் அண்ணாச்சி போன் செய்தார்.

"தம்பி, பிள்ளைகளுக்க மார்க்கு, எவன் எவ்வளவு பீஸ் பாக்கி, எல்லாம் கூகிள்ல கெடக்கு பாத்துக்கிடுங்க. பாஸ்வேர்டே கேக்கல்ல."

பதினொரு நாள் முன்னால்தான் அங்கே அப்பாச்சியை 2.0-இலிருந்து 2.2-க்கு மாற்றியிருந்தேன். மாற்றி முடித்ததும் பக்கங்கள் திறக்கிறதா என்று பார்த்தேன், திறந்தது. பூட்டியிருக்க வேண்டியது பூட்டியிருக்கிறதா என்று பார்க்கவில்லை. தப்பு என்னுடையதுதான். அந்தப் பதினொரு நாளில் ஒரு பெண்ணின் பீஸ் பாக்கியை வகுப்பில் யாரோ உரக்க வாசித்திருக்கிறார்கள். அவள் அதற்கப்புறம் ஒரு வாரம் வரவில்லை என்று அண்ணாச்சி சொன்னார்.

நடந்தது இதுதான். பாஸ்வேர்டு விதிகளை நான் 'இஃப்மாட்யூல்' என்ற அடைப்புக்குள் எழுதியிருந்தேன். இன்ன மாட்யூல் ஏற்றப்பட்டிருந்தால் இந்த விதிகளைப் பின்பற்று, இல்லையென்றால் தாண்டிப் போ என்பது அதன் பொருள். நான் குறிப்பிட்டிருந்த பெயர் 'மாட்-ஆத்'. 2.2-இல் அந்தப் பெயரில் மாட்யூலே கிடையாது. அதைப் பல துண்டுகளாகப் பிரித்து வேறு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். சர்வர் பெயரைத் தேடியது, காணவில்லை, நான் சொன்னபடியே தாண்டிப் போனது. பிழைச் செய்தி கிடையாது, லாகில் ஒரு வரி கிடையாது.

எங்கள் பாட்டாவுக்குத் தோவாளை சானல் தண்ணீரில் கொஞ்சம் வயல் இருந்தது. முறைத் தண்ணீர் ராத்திரி வரும் நாளில் டார்ச் எடுத்துக்கொண்டு மடைக்குப் போவார். போனதும் தண்ணீரைப் பார்க்க மாட்டார், பலகை இருக்கிறதா என்று கல்லைத் தடவித்தான் பார்ப்பார். "பலகை போச்சுண்ணா சத்தம் கேக்காதுடே. காலம்பற வந்து பாத்தாத்தான் தெரியும்" என்பார். இருபது வருடம் கழித்து அந்தச் சனிக்கிழமை ராத்திரிதான் எனக்கு அது உறைத்தது.

ஒரு சர்வர் தனக்குள் எந்தெந்தச் சேவையை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று யார் தீர்மானிக்கிறார்கள்? அதன் சரித்திரத்தை அதற்கப்புறம்தான் தேடிப் படித்தேன்.

யூனிக்ஸின் ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு நெட்வொர்க் சேவையும் தனித்தனி நிரலாக நாள் முழுக்க விழித்துக் காத்திருக்கும். யாரும் வராவிட்டாலும் நினைவகத்தைத் தின்றுகொண்டிருக்கும். 1986-இல் பெர்க்லியிலிருந்து வந்த 4.3 பிஎஸ்டி இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. பெயர் ஐநெட்டி. ஒரே ஒரு காவலாள் எல்லா வாசலையும் பார்த்துக்கொண்டிருப்பான், எந்த வாசலில் ஆள் வருகிறதோ அதற்குரிய நிரலை அப்போது எழுப்பி விடுவான். அவன் கையில் ஒரு பட்டியல் உண்டு. ஒரு சேவைக்கு ஒரு வரி: பெயர் என்ன, எந்த நெறிமுறை, எந்தப் பயனரின் அதிகாரத்தில் ஓட வேண்டும், எந்த நிரலை எழுப்ப வேண்டும். வரியின் தலையில் ஒரு '#' போட்டால் அந்த வாசல் அடைந்தது. நிரலைத் திருத்தவோ மறுபடி கம்பைல் செய்யவோ வேண்டாம்.

எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. என்ன ஓட வேண்டும் என்ற முடிவு நிரல் எழுதியவன் கையிலிருந்து, இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவன் கைக்கு அன்றைக்கு வந்தது. ஆனால் பட்டியல் காலியாக வரவில்லை. வரிகள் ஏற்கனவே நிரப்பப்பட்டுத்தான் வந்தது. எல்லாவற்றையும் வாசித்து, வேண்டாததை அடைத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மாரிஸ் என்ற மாணவர் விட்ட புழு நிரல் இணையத்தில் பரவியது. அது நுழைந்த வழிகளில் ஒன்று ஃபிங்கர். இந்த இயந்திரத்தில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து கேட்டால் பதில் சொல்லும் சிறிய சேவை அது. ஐநெட்டியின் பட்டியலில் ஒரு வரி. வருகிற எழுத்துகளின் நீளத்தை அளக்காமல் வாங்கிக்கொள்ளும் பிழை அதில் இருந்தது. பாதிக்கப்பட்டவை சுமார் 6,000 இயந்திரங்கள் என்பது அப்போது பரவலாகச் சொல்லப்பட்ட மதிப்பீடு. ஃபிங்கர் தேவைப்பட்டு வைத்திருந்தவர்கள் சிலர் இருக்கலாம். மற்றவர்களிடம் அது இருந்தது, அவ்வளவுதான்.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. அதே மாதம்தான் அப்பாச்சி 0.8.8 வெளியானது. என்சிஎஸ்ஏ நிறுவனத்தின் வெப் சர்வரை எழுதிய ராப் மெக்கூல் அங்கிருந்து போன பிறகு, அதைப் பயன்படுத்திவந்தவர்கள் ஆளுக்கொரு திருத்தம் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் திருத்தங்களைச் சேர்த்துத் தைத்த குழுதான் அப்பாச்சி. தையல் போட்டுப் போட்டு எத்தனை நாள் போகும்? ராபர்ட் தாவ் என்பவர் உள்ளமைப்பையே மாற்றி எழுதினார். நடுவில் சிறிய மையம், மற்ற எல்லாம் கழற்றி மாட்டக்கூடிய மாட்யூல்கள். இந்த மாற்றத்துக்கு அவர் வைத்திருந்த ரகசியப் பெயர் 'ஷம்பாலா'. திபெத்தியப் புராண நகரத்தின் பெயரை ஒரு சர்வருக்கு வைத்த ஆளை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

1998-இல் வந்த 1.3 பதிப்பில் மாட்யூல்களை ஓடும்போதே தனிக் கோப்புகளிலிருந்து ஏற்றிக்கொள்ளும் வசதி நன்றாக நிலைபெற்றது. அமைப்புக் கோப்பில் 'லோட்மாட்யூல்' என்று ஒரு வரி எழுதினால் போதும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பதிப்பில் பட்டியலின் வரிசைதான் முறை. ஒரு வேண்டுகோள் வந்தால் எந்த மாட்யூல் முதலில் அதைப் பார்க்கும் என்பது யாரை எந்த இடத்தில் எழுதியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது, அதுவும் தலைகீழாக. கடைசியில் எழுதப்பட்டவருக்கே முதல் முறை. 1906-இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்த காலத்திலிருந்து இங்கே தலைமடைக்காரன் குடித்த மிச்சம்தான் கடைமடைக்கு. கடைமடைக்காரனுக்கு முதல் தண்ணீர் கொடுத்த ஒரே அமைப்பு எனக்குத் தெரிந்து அப்பாச்சி 1.3தான்.

வரிசை மாறினால் காரணம் தெரியாமல் எல்லாம் குழம்பும். அதனால் 2002-இல் நிலைபெற்ற 2.0-இல் அந்தப் பொறுப்பை மாட்யூல்களிடமே கொடுத்தார்கள். எனக்கு முன்வரிசை, எனக்கு நடு, எனக்குக் கடைசி என்று அவையே சொல்லிக்கொள்ளும். டெபியன்காரர்கள் இன்னும் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 'இருப்பவை' என்று ஒரு கோப்புறை, 'இயங்குபவை' என்று இன்னொன்று. முதலாவதில் என்ன கிடந்தாலும் இரண்டாவதில் ஒரு இணைப்பு போடாமல் எதுவும் ஓடாது.

இதுவரை சொன்னது எழுதினால்தான் வரும் என்கிற மரபு. ஜாவா உலகில் வேறொன்று வளர்ந்தது. 2006 டிசம்பரில் வந்த ஜாவா 6-இல் 'சர்வீஸ்லோடர்' என்று ஒன்று. ஒரு ஜார் கோப்புக்குள் 'மெட்டா-இன்ஃப்' என்ற கோப்புறையில் 'இந்தச் சேவையை நான் தருகிறேன்' என்று ஒரு சிறிய கோப்பு எழுதி வைத்துவிட்டால் போதும். அந்த ஜார் நிரலின் தேடுபாதையில் எங்கே கிடந்தாலும் சர்வீஸ்லோடர் அதைக் கண்டுபிடித்து ஏற்றிக்கொள்ளும். நிர்வாகி எங்கேயும் ஒரு வரி எழுத வேண்டாம். கிடந்தாலே வரும். வசதியைக் குறை சொல்ல மாட்டேன், நானே தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் பட்டியல் என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது. அடைப்பதற்கு '#' எங்கே போடுவது?

2021 டிசம்பரில் 'லாக்4ஷெல்' வந்தபோது பதில் கிடைத்தது. லாக்4ஜே 2 என்பது பதிவுக் குறிப்பு எழுதும் நூலகம், பல்லாயிரம் ஜாவா சர்வர்களுக்குள் இருப்பது. எழுதப்படும் வரிக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவில் முகவரி இருந்தால், அங்கே போய்த் தகவல் எடுத்துவரும் செருகி ஒன்றை 2013-இல் அதில் சேர்த்திருந்தார்கள். யாரோ கேட்டார்கள், சேர்த்தார்கள், கேட்காத எல்லோருக்கும் அது இயங்கும் நிலையிலேயே போய்ச் சேர்ந்தது. வெளியாள் ஒருவர் தன் பெயருக்குப் பதில் அந்த வடிவத்தை எழுதி அனுப்பினாலே போதும், சர்வர் அவர் சொன்ன இடத்துக்குப் போய் அவர் கொடுத்த நிரலை வாங்கிவந்து ஓட்டும். அவசரத்துக்குச் சொல்லப்பட்ட வைத்தியங்களில் ஒன்று, ஜார் கோப்பைத் திறந்து அந்த ஒரு வகுப்பை மட்டும் வெட்டி எடுப்பது. மூன்று ராத்திரி நான் செய்த வேலை அதுதான். அதைவிடக் கடினம் முதல் கேள்வி: நம்மிடம் லாக்4ஜே எங்கெல்லாம் இருக்கிறது? ஜாருக்குள் ஜார், அதற்குள் ஜார்.

மறுபடி 2007. ஞாயிற்றுக்கிழமை காலை கல்லூரிக்குப் போய்ப் பூட்டைச் சரிசெய்தேன். அப்புறமும் ஒன்று இடித்தது. பூட்டு போனது சரி, அந்தக் கோப்புகளின் முகவரி கூகிளுக்கு எப்படித் தெரிந்தது? எந்தப் பக்கத்திலும் அவற்றுக்கு இணைப்பு இல்லையே. பட்டியலைத் திறந்து பார்த்தால் 'ஆட்டோஇண்டெக்ஸ்'. கோப்புறையில் முகப்புப் பக்கம் இல்லாவிட்டால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று தானாகவே வரிசை போட்டுக் காட்டும் மாட்யூல். நான் ஏற்றவில்லை, கல்லூரியில் யாரும் கேட்கவில்லை, நிறுவும்போதே கூடவே வந்தது. முதல் நாளிலிருந்து அங்கே இருந்திருக்கிறது.

அண்ணாச்சி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். "அந்த லிஸ்டைப் பிரிண்ட் எடுங்க தம்பி" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராக விரல் வைத்துக் கேட்டார்.

"இது என்னத்துக்கு?"

சொன்னேன்.

"இது?"

ஏழு பெயர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஏழையும் நிறுத்தி சர்வரை மறுபடி ஓட விட்டோம். அடுத்த வாரம் முழுக்க எதுவும் வேலை செய்யவில்லை என்று ஒருவர்கூட போன் செய்யவில்லை.